போட்டோ ஷூட்டுக்கு எந்த வண்டி? எக்சிப் சொல்லும் கணக்கு

புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கியவர்கள் முதலில் கேட்பது "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று. ஒரு வருடம் கழித்து அதே நண்பர்கள் இன்னொரு கேள்வியோடு வருகிறார்கள். "வெளியூர் போய் ஆட்களை வைத்துப் படம் எடுக்கிறேன். பைக்கில் எல்லாம் தூக்கிப் போக முடியவில்லை. எந்த கார் வாங்கலாம்?"

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் பற்றிக் கட்டுரையா என்று நினைக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கான பதில் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில், நீங்கள் எடுத்த படங்களுக்குள்ளேயே இருக்கிறது. அதை வெளியே எடுப்பது எப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நான் சாப்ட்வேர் என்ஜினியர். போட்டோகிராபி எனக்கு சனி, ஞாயிறு வேலை. இந்தக் கணக்கை நான் போட ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு தோல்வி. அதை முதலில் சொல்லி விடுகிறேன்.

2021 பொங்கல். சென்னையிலிருந்து வந்தவாசி பக்கம் இருக்கும் எங்கள் கிராமத்துக்கு பைக்கில் போனேன். முதுகில் கேமரா பேக். பின் சீட்டில் இரண்டு லைட் ஸ்டாண்ட், ஒரு குடை, ஒரு மடக்கு ரிப்ளெக்டர், எல்லாவற்றையும் சேர்த்து கயிற்றால் கட்டியிருந்தேன். தாத்தாவை ஏரிக்கரையில் நிறுத்தி, பின்னால் தண்ணீரும் மாலை வெயிலும் தெரிய ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது திட்டம். அவர் நாற்பது வருடம் அந்த ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர். துவைத்த வேட்டி, தோளில் புதுத் துண்டு என்று தயாராகி எனக்கு முன்பே கரையில் போய் நின்றிருந்தார்.

நான் கரைக்குப் போனது 5.30 மணிக்கு. கயிற்று முடிச்சு இறுகிப் போயிருந்தது. அதை அவிழ்த்து, ஸ்டாண்டை விரித்து, குடையை மாட்டினால் காற்றில் குடை ஸ்டாண்டோடு சாய்ந்தது. மறுபடி நிறுத்தி, பிளாஷுக்கு பேட்டரி போட்டு, டிரிக்கர் வேலை செய்கிறதா என்று பார்த்து முதல் படம் எடுத்தபோது 5.58. சூரியன் பனை மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. அவசரத்தில் பிளாஷை நேராக முகத்தில் அடித்தேன். தாத்தா கண்ணைச் சுருக்கிக் கொண்டார். பின்னால் ஏரியே தெரியவில்லை, ஒரே கறுப்பு.

"விடுடா, அடுத்த பொங்கலுக்கு எடுத்துக்கலாம்" என்றார்.

அந்த வருடம் செப்டம்பரில் அவர் காலமானார். மாலை போட ஒரு படம் வேண்டும் என்று தேடினோம். நான் எடுத்ததைக் காட்டினேன். "இது அப்பா மாதிரியே இல்லடா" என்று அத்தை சொல்லி விட்டார். கடைசியில் வோட்டர் ஐடி கார்டில் இருந்த ஸ்டாம்ப் சைஸ் படத்தை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, பிரேம் போட்டோம். 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தாலும் 1200-ல் செய்தாலும் கார்டில் அச்சாகாத விவரம் வராது. வீட்டுக் கூடத்தில் அதுதான் இன்றும் இருக்கிறது. ஒன்றரை லட்ச ரூபாய்க்கு கேமராவும் லென்ஸும் வாங்கிய பேரனின் வீட்டில்!

கோல்டன் ஹவர் ஒரு மணி நேரம் அல்ல

போட்டோகிராபி புத்தகங்களில் 'கோல்டன் ஹவர்' என்று படித்திருப்பீர்கள். சூரியன் அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது கிடைக்கும் மஞ்சள் ஒளி. முகத்தில் கடுமையான நிழல் விழாது. நானும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றுதான் நம்பியிருந்தேன். ஆனால் அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை.

வானத்தில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. லண்டன் போன்ற ஊர்களில் அது சாய்வாக இறங்குகிறது. சறுக்கு மரத்தில் இறங்குவது போல. சென்னையும் வந்தவாசியும் பூமத்திய ரேகைக்கு 12, 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. கிணற்றில் வாளியை விட்டது போல. சூரியன் 6 டிகிரி உயரத்திலிருந்து மறைவது வரை உள்ள நேரத்தைக் கணக்கிட்டால் நமக்கு சுமார் அரை மணி நேரம்தான் வருகிறது. லண்டனில் மார்ச் மாதத்தில் முக்கால் மணி நேரம், ஜூனில் அதற்கும் மேல். நம் அரை மணியிலும் கடைசி ஐந்து நிமிடத்தை மரமோ, தூசியோ, மேகமோ தின்றுவிடும். கையில் மிஞ்சுவது 25 நிமிடம்.

அன்று ஏரிக்கரையில் நான் 28 நிமிடம் கயிற்றோடு போராடியிருக்கிறேன்.

ஆகவே ஷூட்டுக்கு வண்டி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மைலேஜ் அல்ல, பூட் எத்தனை லிட்டர் என்பதும் அல்ல. வண்டியை நிறுத்தியதிலிருந்து முதல் நல்ல படம் வரை எத்தனை நிமிடம்? இதை எந்த ஷோரூமிலும் சொல்ல மாட்டார்கள். நாமேதான் அளக்க வேண்டும்.

உங்கள் படங்களிலிருந்தே அளப்பது எப்படி?

கேமராவோ மொபைலோ எடுக்கும் ஒவ்வொரு ஜேபெக் பைலுக்குள்ளும் எக்சிப் என்ற தகவல் தொகுப்பு எழுதப்படுகிறது. 1995-ல் ஜப்பானில் வகுக்கப்பட்ட முறை இது. ஷட்டர் வேகம், லென்ஸின் போகல் லெங்த், ஐஎஸ்ஓ, படம் எடுத்த தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கும்.

விண்டோஸில் பார்ப்பது சுலபம். படங்கள் உள்ள போல்டரைத் திறந்து, 'வியூ' மெனுவில் 'டீடெய்ல்ஸ்' தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள தலைப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்து 'டேட் டேக்கன்' என்பதை டிக் செய்யுங்கள். ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட நேரம் வந்துவிடும். 'டேட் மாடிபைட்' என்று இன்னொன்று இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். அது பைலைக் கடைசியாக மாற்றிய நேரம். படத்தை எடிட் செய்து சேமித்தாலே மாறிவிடும்.

நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தால் எக்சிப்டூல் என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். பில் ஹார்வி என்பவர் 2003-ல் வெளியிட்டு இன்றுவரை வளர்த்து வருவது. கமாண்ட் விண்டோவில் இயக்க வேண்டும், பயப்பட வேண்டாம். போல்டர், அதற்குள் இருக்கும் சப் போல்டர் எல்லாவற்றிலும் உள்ள படங்களின் விவரங்களை ஒரே சிஎஸ்வி பைலாகக் கொடுத்துவிடும். அதை எக்ஸெலிலோ, இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க்-கிலோ திறக்கலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வாட்ஸ் அப்பில் போட்டோவாக அனுப்பிய படங்களில் இந்த எக்சிப் தகவல் நீக்கப்பட்டிருக்கும். மெமரி கார்டிலிருந்து நேராக காப்பி செய்த பைல்களையே எடுத்துக் கொள்ளுங்கள். கேமராவின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். என் கேமரா ஒரு வருடம் முழுக்க ஐந்தரை மணி நேரம் பின்தங்கி இருந்திருக்கிறது. வாங்கியபோது நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டதால், மாமல்லபுரத்தில் மாலையில் எடுத்த படமெல்லாம் மத்தியானம் 12.15 என்று காட்டியது. எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு தவறு என்பதால் எக்ஸெலில் கூட்டிச் சரி செய்ய முடிந்தது.

இப்போது கணக்கு. இடத்துக்குப் போய் இறங்கியதும் மொபைலில் ஒரு படம் எடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அது வந்து சேர்ந்த நேரம். அன்று கேமராவில் எடுத்தவற்றில் நான் பிரிண்டுக்கோ ஆல்பத்துக்கோ தேர்ந்தெடுத்த முதல் படத்தின் நேரம் அடுத்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்து செல்லில் போட்டு, பின்னதிலிருந்து முன்னதைக் கழியுங்கள். எக்ஸெல் நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைத்துக் கொள்கிறது. ஆகவே வந்த விடையை 1440-ஆல் பெருக்கி, செல்லை 'நம்பர்' பார்மட்டுக்கு மாற்றினால் நிமிடம் கிடைக்கும். ஒரு நாளுக்கு 1440 நிமிடம், அவ்வளவுதான்.

என் போல்டர்களில் கிடைத்தது இது. பைக்கில் போன ஒன்பது ஷூட்களில் சராசரி 23 நிமிடம். நண்பனின் ஹேட்ச்பேக் காரில் போன நான்கில் 15. ஒரே ஒரு முறை, ஆபீஸ் நண்பரின் நிச்சயதார்த்தப் படத்துக்காக ஸ்லைடிங் கதவு வைத்த வாடகை வேனில் போனோம். அன்று 6 நிமிடம்.

நேரம் எங்கே போகிறது?

பைக் சராசரியைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் இல்லை. கார் 15 நிமிடம் எடுத்ததுதான் உறுத்தியது. அடுத்த இரண்டு ஷூட்களில் நண்பனை விட்டு மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லி, என்ன செய்கிறேன் என்று பார்த்தேன். பாதி நேரம் பொருட்களைக் கோப்பதில் போகிறது. ஸ்டாண்ட், அதன் தலையில் பிராக்கெட், அதில் பிளாஷ், அதன் மேல் சாப்ட்பாக்ஸ். வீட்டில் பிரித்து, மடக்கி, பூட்டில் அடைத்து, வெளியில் போய் மறுபடி கோக்கிறோம். வேனில் சாப்ட்பாக்ஸைப் பிளாஷோடு மாட்டியபடியே பின்னால் படுக்க வைத்திருந்தோம். கதவைத் தள்ளி, எடுத்து, ஸ்டாண்டில் செருகி, திருகியதோடு வேலை முடிந்தது.

இதிலிருந்து வண்டிக்கான முதல் அளவு கிடைக்கிறது. மடக்கிய ஸ்டாண்டின் நீளத்தை அளக்காதீர்கள். பாதி கோத்த நிலையில் உங்கள் பெரிய பொருள் எவ்வளவு நீளம், அகலம், உயரம் என்று டேப் வைத்து அளந்து எழுதிக் கொள்ளுங்கள். என் சாப்ட்பாக்ஸ் 60 சென்டிமீட்டர் சதுரம். பிளாஷ், பிராக்கெட்டோடு 45 சென்டிமீட்டர் ஆழம். ஸ்டாண்ட் மடக்கினால் 95 சென்டிமீட்டர். டெஸ்ட் டிரைவ் போகும்போது இவற்றையும் எடுத்துப் போனேன். ஷோரூம் பையன் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தான்.

மீதி நேரத்தில் பெரும் பங்கு நடையில் போகிறது. கார் நிறுத்திய இடத்திலிருந்து படம் எடுக்கும் இடத்துக்கு இரண்டு, மூன்று நடை. ஆகவே வண்டி எவ்வளவு பக்கத்தில் போகும் என்பதும் கணக்கில் வருகிறது. அது அகலத்தையும், மண் பாதையில் அடி தட்டாமல் போவதையும் பொறுத்தது.

வண்டிகளைப் பார்ப்போம்

பட்ஜெட் ஐந்து லட்சத்துக்குள், பழைய வண்டி என்று முடிவு செய்திருந்தேன். அப்பா மூன்று பெட்டி செடான் வேண்டும் என்றார். பூட் லிட்டர் கணக்கில் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். 2017-ல் வந்த டிசையரின் பூட் 378 லிட்டர். 2018 ஸ்விப்டில் 268 தான். ஆனால் செடானில் பூட்டின் வாய் தாழ்வாக இருக்கும். கோத்த சாப்ட்பாக்ஸ் உள்ளே போவதே இல்லை. எத்தனை லிட்டர் என்பது சூட்கேஸ் வைப்பவர்களுக்கு. நமக்கு வாயின் உயரம் முக்கியம்.

2019-ல் வந்த வேகன் ஆர் 341 லிட்டர். நின்ற வாக்கில் உயரமான வண்டி என்பதால் சாப்ட்பாக்ஸ் போகிறது. அகலம் 1620 மில்லிமீட்டர்தான். தனியாகவோ ஒரு உதவியாளரோடோ போகிறவர்களுக்கு இது போதும் என்பது என் அபிப்பிராயம். பின் சீட்டில் பாதியை மடக்கினால் ஸ்டாண்ட் நேராகப் படுக்கும். மூன்று பேர், துணி மாற்றும் பெட்டி என்று சேர்ந்தால் திணறும்.

என் மனதில் இருந்தது ஈகோ. 2010-ல் வந்தது. தயாரிப்பு 2019-ல் நின்று போன ஆம்னியை நினைவிருக்கும், அதே குடும்பம். இரண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவு, அகலம் 1475 மில்லிமீட்டர். தெருவில் மாட்டு வண்டி நின்றாலும் ஒதுங்கிப் போய்விடலாம். ஐந்து சீட் மாடலில் பின்னால் 510 லிட்டர் இடம், அதுவும் சதுரமாக. நிமிடக் கணக்கில் இதை எதுவும் தோற்கடிக்க முடியாது. என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் அந்தப் பகுதி சூடாகும். கேமரா பேக்கை அங்கே காலடியில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "கல்யாணத்துக்கு இதுல போய் எறங்கினா ஸ்கூல் வேன் வந்திருக்குன்னு நினைப்பாங்கடா."

"அப்பா, நீங்க வருஷத்துக்கு நாலு கல்யாணத்துக்குப் போவீங்க. நான் மாசத்துக்கு நாலு ஷூட் போறேன்."

"காலைல நாலு மணிக்கு ஹைவேல போறவன் நீதான். அதையும் பாரு" என்றார்.

பார்த்தேன். 2016-ல் குளோபல் என்கேப் அமைப்பு செய்த மோதல் சோதனையில், ஏர்பேக் இல்லாத அன்றைய ஈகோ பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம் ஸ்டார்தான் வாங்கியிருந்தது. புது ஈகோ வண்டிகளில் 2025 முதல் ஆறு ஏர்பேக் வருகிறது. ஆனால் என் பட்ஜெட்டில் கிடைத்தவை எல்லாம் பழையவை. காலை வெயிலைப் பிடிக்க இருட்டில் கிளம்பி, லாரிகளுக்கு நடுவே திண்டிவனம் ரோட்டில் போகிறவன், பாதி தூக்கத்தில் ஓட்டுகிறவன், 6 நிமிடத்துக்காக இதைக் கண்டுகொள்ளாமல் விட முடியவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அப்பா சரி.

முடிவில் வாங்கியது 2020 மாடல் ட்ரைபர், செகண்ட் ஹேண்ட். ஏழு சீட் வண்டி. மூன்று வரிசையும் இருந்தால் பூட் வெறும் 84 லிட்டர். ஆனால் மூன்றாவது வரிசை சீட் இரண்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். அப்போது 625 லிட்டர், தட்டையான தளம். 2021 குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர் பாதுகாப்பில் 4 ஸ்டார். அது பழைய விதிகளின்படி. 2022-ல் விதிகளைக் கடுமையாக்கி விட்டார்கள், ஆகவே இன்றைய ஸ்டாரோடு ஒப்பிடக் கூடாது. குறைகளும் உண்டு. 999 சிசி, 72 குதிரை சக்தி. ஐந்து பேரும் சாமானுமாக ஏலகிரி கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரை விட்டு மாற முடியவில்லை. அகலம் 1739 மில்லிமீட்டர், எங்கள் தெருவுக்குள் வராது. மாரியம்மன் கோயில் முனையிலேயே நிறுத்த வேண்டும். ஏரிக்கரையில் டிராக்டர் போகும், அதனால் இதுவும் போகிறது.

எர்டிகா இன்னும் பெரியது, மூன்றாம் வரிசையை மடக்கினால் 550 லிட்டர். ஆனால் நீளம் 4395 மில்லிமீட்டர், என் பட்ஜெட்டுக்கும் மேல். குடும்பம் பெரியது என்றால் பாருங்கள்.

எந்த வண்டியானாலும் சாமானைக் கட்டுங்கள். பிரேக் அடித்தால் ஸ்டாண்ட் அம்பு போல முன்னால் வரும். சீட் கழற்றிய இடத்தில் ஒரு பட்டை போட்டு இறுக்கி விடுவேன். கயிறு கிடையாது. கயிற்றோடு எனக்கு ஒத்துவராது.

வண்டியே ஒரு லைட்

வாங்கும்போது வெள்ளை நிறமே வேண்டும் என்று அலைந்தேன். எண்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் வாங்கியதற்கு அதுதான் காரணம். வெள்ளை வண்டி வெயிலில் குறைவாகச் சூடாகும் என்பது ஒன்று. அது பெரிய ரிப்ளெக்டரும் கூட. மாலையில் வண்டியின் நீளமான பக்கம் மேற்கைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். படம் எடுக்க வேண்டியவரைச் சூரியனுக்கு முதுகு காட்டி, வண்டியைப் பார்த்தபடி ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். வண்டி மேல் விழும் வெயில் திரும்பி முகத்தில் மென்மையாக விழும். தலைமுடி ஓரத்தில் சூரிய ஒளி தனியாக மின்னும். இதே இடத்தில் சிவப்பு கார் நின்றால் முகமும் சிவப்பாகிவிடும், போட்டோஷாப்பில் சரி செய்வது பெரும்பாடு.

உச்சி வெயிலில் படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் பின் கதவை மேலே தூக்கி, அவரைப் பூட் விளிம்பில் உட்கார வையுங்கள். கதவு தலைக்கு மேல் கூரையாகிறது, ஒளி முன்னால் இருந்து மட்டும் வருகிறது. நம் பக்கத்தில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் மத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வெளியில் நிறுத்தினால் கண் இரண்டும் கறுப்புக் குழியாகத்தான் வரும்.

சூரியன் எந்தத் திசையில் மறையும் என்பதை முன்கூட்டியே பார்க்க ஸ்டெல்லேரியம் என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. ஊரையும் தேதியையும் கொடுத்து நேரத்தை ஓட்டினால் சூரியனின் திசை, உயரம் இரண்டையும் டிகிரியில் காட்டும். மேற்கு என்றால் நேர் மேற்கு அல்ல. நம் ஊரில் ஜூனில் 24 டிகிரி வடக்கே தள்ளியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளியும் மறைகிறது. ஜூனில் பார்த்து வைத்த இடம் டிசம்பரில் மரத்துக்குப் பின்னால் போவது இதனால்தான். டெஸ்க்டாப்பில் கூகுள் எர்த் ப்ரோ இருந்தால் அதிலும் சூரிய ஒளி ஸ்லைடர் உண்டு. மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட், லைட் வைக்க முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கேட்டில் போய் வாதாடினால் 25 நிமிடமும் போய்விடும்.

காற்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். ஸ்டாண்டின் கழுத்தில் ஒரு கொக்கி போட்டுத் தொங்க விடுங்கள். ஐந்து கிலோ எடை, ஷூட் முடிந்ததும் குடிக்கலாம்.

வண்டிக்குள் கம்ப்யூட்டர்

பல கார்களில் உள்ள 12 வோல்ட் சாக்கெட் 10 ஆம்பியர் வரை தரும், அதாவது 120 வாட். 65 வாட் லேப்டாப்பை ஒரு சின்ன இன்வெர்ட்டர் வைத்து சார்ஜ் செய்யலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் அளவைப் பார்த்து விடுங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு நீண்ட நேரம் சார்ஜ் போட்டால் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்.

நான் இடத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கார்டை லேப்டாப்புக்கு காப்பி செய்துவிடுவேன். 32 ஜிபி கார்டு, யுஎஸ்பி 3 ரீடரில் விநாடிக்கு 90 எம்பி போனால் ஆறு நிமிடம். பழைய யுஎஸ்பி 2 ரீடரில் 30 எம்பி என்று வைத்தால் பதினெட்டு நிமிடம். காப்பி முடிந்து, நாலு பைலைத் திறந்து பார்த்த பிறகும் கார்டை பார்மட் செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்து இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் ஏறிய பிறகு செய்யுங்கள். லேப்டாப் ஒரு பையில், கார்டு சட்டைப் பையில்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் எதையும் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டும். பல கேமராக்களுக்கு கையேட்டில் சொல்லியிருக்கும் உச்ச வரம்பே 40 டிகிரிதான். பேட்டரிகளை ஐஸ் இல்லாத ஒரு தெர்மோகோல் பெட்டியில் போட்டு, முடிந்தவரை கையோடு எடுத்துப் போய்விடுகிறேன்.

ட்ரைபர் வந்த பிறகு பத்து ஷூட்கள் முடிந்திருக்கின்றன. சராசரி 7 நிமிடம். வேனை விட ஒரு நிமிடம் அதிகம். அதில் ஒன்று 2025 பொங்கலன்று எடுத்தது. எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். ஆயாவைக் கோயில் முனையில் வண்டியில் ஏற்றி, அதே ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். கரை வடக்கு தெற்காக ஓடுகிறது, தண்ணீர் மேற்கே. வண்டியை நேராக நிறுத்தினாலே அதன் பக்கம் மேற்கைப் பார்க்கிறது. பிளாஷே போடவில்லை. வந்து நின்றது 5.36, முதல் படம் 5.40. நான் கீழே குனிந்து எடுக்கும்போது ஆயா கேட்டார், "ஏண்டா, இது மால போடுற படமா?"

"இல்ல ஆயா, சும்மா" என்றேன்.

"மாலைக்கே வெச்சுக்கோ. அந்த மனுசனுக்குத்தான் கார்டு படம்" என்று சொல்லிச் சிரித்தார். எடுத்ததில் அந்தச் சிரிப்பைத்தான் 12-க்கு 18 அங்குலம் பிரிண்ட் போட்டேன். தாத்தா படத்துக்குப் பக்கத்தில் இப்போதே மாட்டச் சொல்லிவிட்டார். தெருவில் எதிர்வீட்டுப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, தனக்கும் எப்போது என்று அப்பாவுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார்.

கழற்றிய மூன்றாம் வரிசை சீட் இரண்டும் சென்னை வீட்டு பால்கனியில் கிடக்கின்றன. துணி போட்டு மூடி வைத்திருந்தேன். இப்போது அப்பா ஒன்றில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். கல்யாணத்துக்கு எல்லோரும் போகும்போது அவரை எழுப்பித்தான் சீட்டை மாட்ட வேண்டியிருக்கிறது.